அளவுக்கு இரண்டு ரூபாய்

கல்லைப் படமெடுத்தால் பக்கத்தில்
அளவுக்கு ஏதாவது வை என்பார் லூர்துநாதன் சார்.
வைக்காவிட்டால்
மலையும் புளியங்கொட்டையும் ஒன்றுதான்.

அமலோற்பவம் சுத்தியலை வைப்பாள்.
என் சுத்தியல் பெட்டியோடு பம்பாயில் தங்கிவிட்டது.
சட்டைப்பையில் இருந்தது
ஒரு பழைய இரண்டு ரூபாய்த் தாள்,
நடுவில் மடிப்பு,
ஓரத்தில் யாரோ போட்ட பால் கணக்கு.

காமிரா அவள் அண்ணனுடையது.
ரஷ்யாவில் செய்தது, அரைச் செங்கல் கனம்,
அழுத்தினால் கதவு சாத்தும் சத்தம்.
சுருள் ஊட்டியில் செய்த கறுப்பு வெள்ளை.
முப்பத்தாறில் ஆளுக்குப் பதினெட்டு என்று பேச்சு.
விமானத்தின் இறக்கையிலேயே நாலைத் தீர்த்துவிட்டாள்.
நானோ
கண்ணை வைத்து, மூச்சைப் பிடித்து,
வளையத்தைத் திருப்பித் திருப்பி
அழுத்தாமலே இறக்கிவிடுவேன்.
ரெயூனியனில் நான் எடுக்காத படங்கள்தான் அதிகம்.
சென் தெனிச் சந்தையில்
பச்சைமிளகாய்க் குவியலுக்குப் பின்னால் தூங்கியவன்,
மழையில் நனைந்த எங்கள் பதினொரு ஜோடிச் செருப்பு.

சென் ஃபிலிப்பைத் தாண்டி
எரிமலை கடலுக்குள் இறங்கி அணைந்த இடம்.
பாறை, முறுக்கிப் போட்ட வடக்கயிறு.
ஓரமெல்லாம் தாழை. மணக்காத தாழை.

எங்களை ஏற்றி வந்த டிரைவரின் பெயர்
வண்டிக் கதவில் பிரெஞ்சில் இருந்தது.
வைத்திலிங்கோன் என்றார்.
வைத்திலிங்கம் என்றேன், உதடு மூடும்வரை.
அவர் திரும்பி
பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

மதியம் டப்பாவைத் திறந்து
ருகாய் என்று ஒன்றை நீட்டினார்.
தக்காளி, இஞ்சி, கொல்லும் காரம்.
முன்பாதியை யாரோ கடித்துக்கொண்டு போன ஊறுகாய்
என்று தோன்றியது. சொல்லவில்லை.
என் பள்ளிக்கூடப் பிரெஞ்சுக்கு அவ்வளவு நீளம் போதாது.

தாளை விரித்து
நாலு மூலையிலும் சின்னக் கல் வைத்தேன். காற்று.
"கொசா சா?" என்று குனிந்தார்.
பணம் என்றேன். எங்கள் ஊர்ப் பணம்.
அடுக்கடுக்காய் இத்தனை எழுத்தா?
இதில் எது,
என்று கேட்டு நிறுத்தினார்,
எது எங்களுடையது?

மேலிருந்து எண்ணாதீர்கள்,
கீழிருந்து மூன்றாவது.
உருது, தெலுங்கு, பிறகு.
விரலை வைத்தார்.
வைத்த விரலை எடுக்கவில்லை.
நானும் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருக்கவில்லை.
கதவு சாத்தியது.

எப்படி வாசிப்பது என்றார்.
இரண்டு ரூபாய்.
இரந்து ருப்பாய், இரந்து ருப்பாய்,
வண்டி வரைக்கும்.
பத்து ஃபிராங்க் நீட்டினார், வாங்கவில்லை.
தாளை வெயில் மறைப்பில் செருகிக்கொண்டார்.

அதன் பிறகு என் கற்களுக்கெல்லாம் அளவே இல்லை.
ஊர் திரும்பி
படங்களை ஒட்டிக் கொடுத்த நோட்டில்
சிவப்புப் பென்சிலால் ஏழு இடத்தில்
'அளவு எங்கே?'
எட்டாவதில் மட்டும்
'பாறை எங்கே?'

உண்மைதான்.
படம் முழுக்கத் தாளும் விரலும்.
நகத்தில் கிரீஸ்.
விரலுக்குக் கீழே தெலுங்கைத் தெளிவாக வாசிக்கலாம்,
எனக்குத் தெலுங்கு தெரிந்திருந்தால்.
தமிழ் இருந்த இடத்தில் வைத்திலிங்கோன்.

நெகட்டிவை அமலோற்பவம் தரமாட்டாள்,
சுருளில் பாதிக்காசு அவளுடையதாம்.
அவள் வீட்டு ஜன்னலில் ஒருமுறை பிடித்துப் பார்த்தேன்.
தாள் இருட்டு.
எழுத்தெல்லாம் விளக்கேற்றியதுபோல் நிற்கிறது,
அந்த ஒரு வரியைத் தவிர.